அசையாத நால்வரும் அதிரும் கிட்டாரும்: க்ராஃப்ட்வெர்க் கனத்த இசைக்குக் கொடுத்தது என்ன?

ஜெர்மனியின் க்ராஃப்ட்வெர்க் குழுவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஃப்ளோரியன் ஷ்னைடர் 2020 ஏப்ரலில் இறந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், தொடக்ககாலத் தாக்கத்துக்கான பிரிவில் அந்தக் குழுவைச் சேர்த்துக்கொண்டது. டெக்னோ, ஹிப் ஹாப், சிந்த் பாப் எல்லாம் இவர்களிடமிருந்து கிளைத்தவை என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இண்டஸ்ட்ரியல் மெட்டலையும் (கனத்த மெட்டல் கிட்டாரை இயந்திரத் தாளத்தோடு இணைக்கும் ராக் வகை) சேர்த்தால் மெட்டல் கேட்பவர்கள் பலர் புருவத்தை உயர்த்துவார்கள். சிவப்புச் சட்டையும் கறுப்பு டையும் கட்டிக்கொண்டு, மேடையில் பொம்மைபோல நின்றபடி கீபோர்டு வாசிக்கும் நான்கு பேருக்கும், தலைமுடியைச் சுழற்றி ஆடும் கூட்டத்துக்கும் என்ன உறவு?

உறவு இருக்கிறது. அதை மெட்டிலும் சிந்தசைசர் ஓசையிலும் தேடினால் கிடைக்காது. இசையில் காலம் எப்படி நகர வேண்டும் என்பதைப் பற்றி க்ராஃப்ட்வெர்க் எடுத்த ஒரு முடிவில்தான் அது இருக்கிறது.

முதலில் சில சொற்கள்

1. சிந்தசைசர்: மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் கருவி. தந்தியும் கிடையாது, காற்றும் கிடையாது. மின்னழுத்தத்தை மாற்றினால் சுரமும் ஓசையின் நிறமும் மாறும்.

2. சீக்வென்சர்: சிந்தசைசருக்கு எந்தச் சுரத்தை எப்போது ஒலிக்க வேண்டும் என்று கட்டளையிடும் பெட்டி. பழைய சீக்வென்சர்களில் 8 அல்லது 16 படிகள் இருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சுரத்தைக் குறித்துவிட்டால் போதும். பெட்டி முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை போய், நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும்.

3. டிரம் மெஷின்: இதே வேலையைத் தாளத்துக்குச் செய்வது.

4. ரிஃப்: கிட்டாரில் திரும்பத் திரும்ப வாசிக்கப்படும் சிறிய வாக்கியம். மெட்டல் பாடல்களின் முதுகெலும்பு.

5. டிஸ்டார்ஷன்: கிட்டாரின் ஒலியை ஆம்ப்ளிஃபையர் தாங்கும் அளவுக்கு மேல் தள்ளி, அதன் அலையை நசுக்கிக் கரகரப்பாக்குவது.

6. பாம் மியூட்: வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகளின்மேல் லேசாக வைத்துக்கொண்டு மீட்டுவது. நீண்டு ஒலிக்க வேண்டிய சுரம் ‘ஜக்’ என்று வெட்டுப்பட்டு நிற்கும்.

கடைசி இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

தொடக்கத்தில் அவர்களே ஒரு கனத்த குழு

ரால்ஃப் ஹ்யூட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் டுஸல்டார்ஃப் நகரில் 1970 இல் க்ராஃப்ட்வெர்க்கைத் தொடங்கினார்கள். பெயருக்கு ‘மின் நிலையம்’ என்று பொருள். ஹ்யூட்டர் ஆர்கன் வாசிப்பவர், ஷ்னைடர் புல்லாங்குழல் வாசிப்பவர். அந்த ஆண்டு வந்த முதல் ஆல்பத்தைக் கேட்டால் பின்னாளைய ரோபோக்களின் சாயலே தெரியாது. புல்லாங்குழலும் ஆர்கனும் நிஜ டிரம்ஸும் சேர்ந்து மோதும் கரடுமுரடான ராக் அது. அதன் கடைசிப் பாடலுக்கு ‘வானத்தின் உச்சியிலிருந்து’ என்று பொருள்படும் பழைய கிறிஸ்துமஸ் கீதம் ஒன்றின் தலைப்பை வைத்தார்கள். உள்ளே ஒலிப்பதோ கீழ்நோக்கிச் சரிந்து விழுந்து வெடிக்கும் ஓசைகள். போர் முடிந்த கையோடு, குண்டுவீச்சில் நொறுங்கிய நகரங்களில் வளர்ந்த தலைமுறை அது. வானத்திலிருந்து என்ன விழும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1971 இல் கொஞ்ச காலம் ஹ்யூட்டர் விலகியிருந்தார். அப்போது ஷ்னைடருடன் கிட்டாரில் மிக்கேல் ரோட்டரும் டிரம்ஸில் க்ளாவுஸ் டிங்கரும் வாசித்தார்கள். அந்த மூவர் அணியின் தொலைக்காட்சிப் பதிவு இன்றும் கிடைக்கிறது. கிட்டத்தட்ட ஒரே தாளத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஓசையின் அடர்த்தியை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ராக் பாடல்களில் வழக்கமாக வரும் ஏற்ற இறக்கம், தனிவாசிப்பு, உச்சக்கட்டம் எதுவும் இல்லை. ரோட்டரும் டிங்கரும் வெளியேறி ‘நாய்!’ (Neu!; ஜெர்மன் மொழியில் ‘புதியது’ என்று பொருள்) என்ற குழுவைத் தொடங்கினார்கள். டிங்கரின் அந்த விடாப்பிடியான நாலடித் தாளத்துக்குப் பிற்பாடு ‘மோட்டோரிக்’ என்று பெயர் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயந்திரம் வருவதற்கு முன்பே இயந்திரம்போல வாசிக்கும் ஆசை வந்துவிட்டது. கருவி பின்னால் வந்து அந்த ஆசையை நிறைவேற்றியது, அவ்வளவுதான்.

1974 முதல் 1978 வரை: தாளத்தைக் கையிலிருந்து பெட்டிக்கு மாற்றியது

1974 நவம்பரில் வந்த ‘ஆட்டோபான்’ ஆல்பத்தின் தலைப்புப் பாடல் 22 நிமிடத்துக்கும் மேல் ஓடுவது. நெடுஞ்சாலையில் ஒரு காரின் பயணம்தான் அதன் பொருள். அதைச் சுருக்கி வெளியிட்ட சிறிய வடிவம் அமெரிக்க வானொலிகளில் ஓடி, பில்போர்டு ஒற்றைப் பாடல் பட்டியலில் 25 ஆம் இடத்தைத் தொட்டது. ஆல்பம் 5 ஆம் இடம்வரை போனது. ஜெர்மன் மொழியில் பாடப்பட்ட ஒரு பாட்டு அமெரிக்காவில் அந்த உயரத்துக்குப் போனது அன்று பெரிய விஷயம்.

வுல்ஃப்காங் ஃப்ளூர் 1973 இலும், கார்ல் பார்ட்டோஸ் 1975 இலும் தாளத்துக்காகக் குழுவில் சேர்ந்தார்கள். இவர்களுக்கு முன்னால் இருந்தவை தோல் கட்டிய டிரம்கள் அல்ல. பழைய தாளப் பெட்டிகளின் மின்சுற்றைப் பிரித்து உலோகத் தகடுகளோடு இணைத்திருந்தார்கள். கையில் இருக்கும் உலோகக் கம்பி தகட்டைத் தொட்டதும் சுற்று மூடி ஓசை பிறக்கும். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே ஓசைதான், ஒரே அளவில்தான். இந்தக் கருவிக்கு ஹ்யூட்டர், ஷ்னைடர் பெயர்களில் 1977 இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

அடுத்த படி சீக்வென்சர். 1977 இல் வந்த ‘ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’ ஆல்பத்துக்காக, பான் நகரில் இயங்கிய மாட்டன் அண்ட் வீஹெர்ஸ் செய்துகொடுத்த ‘சிந்தனோர்மா’ சீக்வென்சரைப் பயன்படுத்தினார்கள். அந்த ஆல்பத்தில் தலைப்புப் பாடலைத் தொடர்ந்து ‘மெட்டால் அவுஃப் மெட்டால்’ என்றொரு துண்டு வருகிறது. பொருள், ‘உலோகத்தின் மேல் உலோகம்’. ரயில் சக்கரத்தின் ஓட்டத்தில், உலோகத்தை உலோகத்தால் அறையும் ஓசை. பாட்டுக்கு நடுவே ஒரு பட்டறையின் கதவைத் திறந்துவிட்டதுபோல இருக்கும்.

இந்தத் துண்டிலிருந்து எடுத்த சுமார் 2 விநாடி ஓசையை 1997 இல் ஜெர்மன் ஹிப் ஹாப் தயாரிப்பாளர் மோசஸ் பெல்ஹாம் ஒரு பாடலில் பயன்படுத்தினார். அதன்மேல் ஹ்யூட்டரும் ஷ்னைடரும் தொடுத்த வழக்கு 2016 இல் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கும், 2019 இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கும் போனது. ‘சாம்ப்ளிங் வழக்கு’ என்று செய்திகளில் அடிபடுவது இதுதான். அந்த 2 விநாடிதான் இந்தக் கட்டுரையின் விஷயமும். பாதி இண்டஸ்ட்ரியல் இசை அதற்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து.

தங்கள் ஸ்டுடியோவான ‘க்ளிங் க்ளாங்’கில் வேலைக்குப் போவதுபோல நாள்தோறும் போய் வந்தார்கள். தங்களை இசைக்கலைஞர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ‘இசைத் தொழிலாளர்கள்’ என்றார்கள். 1978 இன் ‘தி மேன் மெஷின்’ ஆல்பத்தோடு அந்தச் சீருடைத் தோற்றமும் உறுதியாகிவிட்டது.

இரண்டு தொழில் நகரங்கள், இரண்டு வகைக் கனம்

மெட்டலும் தொழிற்சாலையில் பிறந்த இசைதான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்துவந்த டோனி அயோமி, 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். விரலுக்குத் தானே உறை செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளைக் கட்டி, பின்னர் அவற்றைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கி வாசித்தார். அந்தத் தாழ்ந்த, அடர்ந்த ஓசைதான் அவருடைய குழுவான ப்ளாக் சபாத்தின் அடையாளம். அவர்களின் முதல் ஆல்பம் வந்ததும் 1970 இல்தான், க்ராஃப்ட்வெர்க்கின் முதல் ஆல்பம் வந்த அதே ஆண்டு.

ஆக, ஒரே ஆண்டில், இரண்டு தொழில் வட்டாரங்களிலிருந்து இரண்டு குழுக்கள். தொழிற்சாலையிலிருந்து அவை எடுத்துக்கொண்டது வேறு வேறு.

பர்மிங்ஹாம் எடுத்துக்கொண்டது எடையை. தாழ்ந்த சுருதி, உரத்த ஒலி, மெதுவான நடை. ஆனால் தாளம் மனிதத் தாளம். ப்ளாக் சபாத்தின் டிரம்மர் பில் வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். அவருடைய வாசிப்பு ஊசலாடும், பாட்டின் உணர்ச்சிக்கேற்ப முந்தும், பிந்தும்.

டுஸல்டார்ஃப் எடுத்துக்கொண்டது ஒழுங்கை. கன்வேயர் பெல்ட் யாருக்காகவும் நிற்காது. அதன் முன் நிற்பவர் சோர்ந்தாலும் சிரித்தாலும் அதன் வேகம் மாறாது. நம் கச்சேரி மொழியில் இதைக் காலப்பிரமாணம் என்பார்கள். நல்ல மிருதங்க வித்வானின் காலப்பிரமாணம் உறுதியானது, ஆனாலும் அதற்குள் ஒரு மூச்சு இருக்கும். க்ராஃப்ட்வெர்க் அந்த மூச்சையும் எடுத்துவிட்டது.

மூச்சை எடுத்துவிட்டால் இசை செத்துப்போகும் என்றுதான் அன்றைய ராக் உலகம் நினைத்தது. 1970களில் க்வீன் குழு தங்கள் ஆல்ப உறைகளில் ‘இதில் யாரும் சிந்தசைசர் வாசிக்கவில்லை’ என்ற பொருளில் குறிப்பே போட்டது. ஆனால் நடந்தது வேறு. கேட்பவரின் உடலுக்கு ஒரு புதுவகை அழுத்தம் கிடைத்தது. எதிரே இருப்பது நம்மைப் பொருட்படுத்தவே இல்லை என்ற உணர்வு அது. சத்தமே இல்லாமலும் ஒரு இசை கனமாக இருக்கலாம், அது இரங்காமல் இருந்தால் போதும். க்ராஃப்ட்வெர்க் கனத்த இசைக்குக் கொடுத்தது இந்தக் கண்டுபிடிப்பைத்தான்.

டிஸ்டார்ஷன் கிட்டாரும் சீக்வென்சரும் ஏன் பொருந்திப்போகின்றன?

மெட்டல் கிட்டாரும் எலக்ட்ரானிக் இசையும் எதிரெதிர் என்று தோன்றும். ஒலியின் இயல்பைப் பார்த்தால் அவை நெருங்கிய உறவினர்கள். படிப்படியாகப் பார்க்கலாம்.

1. சாதாரணக் கிட்டாரில் மெதுவாக மீட்டினால் மெல்லிய ஓசை, ஓங்கி மீட்டினால் பெரிய ஓசை. விரலின் உணர்ச்சி ஒலியில் தெரியும்.

2. டிஸ்டார்ஷன் அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. அதனால் மெல்லியதும் பெரியதும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துவிடுகின்றன. க்ராஃப்ட்வெர்க்கின் உலோகத் தகட்டில் எப்படி அடித்தாலும் ஒரே ஓசை வந்ததல்லவா, அதே நிலை.

3. அப்புறம் பாம் மியூட். அது சுரத்தின் நீளத்தை வெட்டுகிறது. இதோடு ‘நாய்ஸ் கேட்’ என்ற கருவியையும் சேர்த்தால், மீட்டாத கணங்களில் இரைச்சல் முழுதாக அடைபட்டு மௌனம் விழும். இப்போது கிட்டார் வாக்கியம் என்பது ‘உண்டு, இல்லை, உண்டு, உண்டு, இல்லை’ என்ற வரிசையாகிவிடுகிறது. சீக்வென்சரின் 16 படிகளில் சிலவற்றை இயக்கி, சிலவற்றை அணைத்து வைப்பதும் இதேதான்.

4. இனி நேரக் கணக்கு. நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஒரு அடிக்கு அரை விநாடி. அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு படியும் 125 மில்லி விநாடி. கிட்டாரின் ‘ஜக்’கும் டிரம்ஸின் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒரே படியில் துல்லியமாக விழுந்தால், காது அவற்றை இரண்டு ஓசைகளாகக் கேட்பதில்லை. கிட்டாரின் கரகரப்பும் கிக்கின் அடியும் ஒட்டி, இயற்கையில் இல்லாத ஒரு மூன்றாவது கருவியின் ஓசையாகக் கேட்கிறது. சில மில்லி விநாடி விலகினாலே அந்த ஒட்டு விட்டுப்போகும்.

5. மனிதக் கைகள் அந்த ஒட்டைச் சில கணங்கள் காப்பாற்றலாம். ஒரு ஆல்பம் முழுக்கக் காப்பாற்றுவது மிகக் கடினம். இயந்திரத்துக்கு அது சாதாரண வேலை.

கிட்டாரைத் தாள இயந்திரத்தோடு பூட்டியதும் 1980களின் பிற்பகுதியில் ஒரு புதிய கனம் பிறந்ததற்கு இதுதான் காரணம். ரசனையில் ஏற்பட்ட விபத்து அல்ல, ஒலியின் தர்க்கம்.

தாக்கம் நடந்துபோன பாதைகள்

ஒரு குழு இன்னொரு குழுவைக் கேட்டு அப்படியே நகலெடுத்தது என்று கதை சொல்வது எளிது. உண்மையில் இந்தத் தாக்கம் பல கைகள் மாறித்தான் மெட்டலுக்கு வந்து சேர்ந்தது.

1. டுஸல்டார்ஃபின் அடுத்த தலைமுறை. 1978 இல் அதே நகரில் தொடங்கிய டாஃப் குழு, பங்க் இசையின் ஆவேசத்தைச் சீக்வென்சரோடு சேர்த்தது. 1981 வாக்கில் அது இருவர் குழு: காபி டெல்காடோ வியர்வை சொட்டக் கத்திப் பாடுவார், ராபர்ட் கோர்ல் ஓடிக்கொண்டிருக்கும் சீக்வென்சரோடு மல்லுக்கட்டுவதுபோல நிஜ டிரம்ஸ் அடிப்பார். க்ராஃப்ட்வெர்க்கின் ஒழுங்குக்குள் உடல் திரும்பி வந்த இடம் இது. பின்னர் பெல்ஜியத்தின் ஃப்ரண்ட் 242 குழு பரப்பிய ‘எலக்ட்ரானிக் பாடி மியூசிக்’ என்ற பெயர் இந்த இசைக்கு நிலைத்துவிட்டது.
அதே நகரில் 1980 இல் டீ க்ருப்ஸ் தொடங்கியது. முன்பு பங்க் குழுவில் இருந்த யூர்கன் எங்லர், ஜெர்மனியின் புகழ்பெற்ற எஃகுத் தொழில் குடும்பத்தின் பெயரைக் குழுவுக்கு வைத்தார். 1981 இன் முதல் ஆல்பத்தின் பெயர் ‘எஃகாலை சிம்ஃபனி’ என்று பொருள்படும். இரும்புத் துண்டுகளை அடுக்கி அவர்களே ஒரு தாளக் கருவியும் செய்துகொண்டார்கள். 1992 இல் அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் பாடல்களை எலக்ட்ரானிக் வடிவில் வாசித்துத் தனி வெளியீடே கொண்டுவந்தார்கள். அதோடு அவர்கள் இசையில் மெட்டல் கிட்டார் நிரந்தரமாக வந்து அமர்ந்தது. க்ராஃப்ட்வெர்க்கின் ஊரிலிருந்து மெட்டாலிகாவரை போன நேர்ப்பாதை வேண்டுமென்றால், இதைவிடத் தெளிவான ஒன்றைக் காட்ட முடியாது.

2. கோனி ப்ளாங்க் என்ற ஒலிப்பதிவுக் கலைஞர். இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத, அதிகம் பேசப்பட வேண்டிய மனிதர். க்ராஃப்ட்வெர்க்கின் தொடக்ககால ஆல்பங்களும் ‘ஆட்டோபான்’ பதிவும் அவர் கைவழியே வந்தவை. ‘நாய்!’, டாஃப் ஆகியவையும் அப்படித்தான். இன்னொரு பக்கம், ஜெர்மன் ஹார்டு ராக் குழுவான ஸ்கார்ப்பியன்ஸின் 1972 ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தின் தயாரிப்பாளரும் அவரே. 1982 இல் பிரிட்டனின் கில்லிங் ஜோக் குழுவுக்கும் ஒரு ஆல்பம் செய்தார். கில்லிங் ஜோக்கின் பாடல் ஒன்றை மெட்டாலிகா 1987 இல் தங்கள் வெளியீட்டில் வாசித்தது. எலக்ட்ரானிக் இசையும் கிட்டார் இசையும் வேறு வேறு உலகங்கள் என்ற எண்ணம் ப்ளாங்கின் ஸ்டுடியோவுக்குள் செல்லாது.

3. கேரி நியூமன். பிரிட்டனில் 1979 இல் சிந்தசைசரைப் பட்டியல்களின் உச்சிக்குக் கொண்டுபோனவர். அவர் டிரம்ஸுக்கும் பாஸ் கிட்டாருக்கும் மனிதர்களை வைத்துக்கொண்டார். க்ராஃப்ட்வெர்க்கின் குளிர்ச்சியை ராக் குழுவின் உடலில் ஏற்றியதால், பிற்பாடு வந்த ராக்காரர்களுக்கு அவர் வழி சுலபமாக இருந்தது. அமெரிக்க மெட்டல் குழுவான ஃபியர் ஃபேக்டரி 1999 இல் அவருடைய ‘கார்ஸ்’ பாடலை அவரையே அழைத்துவந்து பாடியது. அமெரிக்க இண்டஸ்ட்ரியல் ராக் குழுவான நைன் இன்ச் நெய்ல்ஸும் அவர் பாடல் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறது.

4. சிகாகோ. ஸ்டீவ் அல்பினியின் பிக் ப்ளாக் குழுவில் டிரம்மர் இல்லை. ஒரு ரோலண்ட் டிரம் மெஷின்தான் இருந்தது, அதை ‘ரோலண்ட்’ என்று உறுப்பினர்போலவே ஆல்ப உறையில் குறிப்பிட்டார்கள். 1987 இல் வந்த கடைசி ஆல்பத்தில் க்ராஃப்ட்வெர்க்கின் ‘தி மாடல்’ பாடலைக் கிட்டார் இரைச்சலோடு வாசித்தார்கள். பாடலின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. மேலே போட்டிருந்த பட்டுத் துணியை எடுத்துவிட்டு முள்கம்பியைச் சுற்றியதுபோல இருக்கிறது. உள்ளே இருந்த கடுமை முன்பே அங்கே இருந்ததுதான் என்று அந்தப் பதிவு காட்டிவிடுகிறது.
அதே நகரின் மினிஸ்ட்ரி 1983 இல் இனிமையான சிந்த் பாப் ஆல்பத்தோடு வந்த குழு. 1988 வாக்கில் ஆல் ஜோர்கென்சன் கிட்டாரைக் கையில் எடுத்தபோது சீக்வென்சரைக் கீழே வைக்கவில்லை. வேகமான த்ராஷ் மெட்டல் ரிஃபையே சாம்ப்ளரில் (பதிவான ஓசைத் துண்டைத் திரும்ப ஒலிக்கவைக்கும் கருவி) ஏற்றிச் சுழலவிடுவது இந்த வட்டாரத்தின் வழக்கமானது. ரிஃப் இனி வாசிக்கப்படுவதில்லை, இயக்கப்படுகிறது.

5. பர்மிங்ஹாம், மறுபடியும். நேபாம் டெத் குழுவின் முதல் ஆல்பத்தில் ஒரு பக்கத்துக்குக் கிட்டார் வாசித்த ஜஸ்டின் பிராட்ரிக், 1988 இல் ஜி. சி. கிரீனோடு சேர்ந்து காட்ஃப்ளெஷைத் தொடங்கினார். கிட்டார், பாஸ், டிரம் மெஷின், அவ்வளவுதான். 1989 இன் ‘ஸ்ட்ரீட்க்ளீனர்’ ஆல்பத்தில், ப்ளாக் சபாத் ஊரின் எடையும் டுஸல்டார்ஃபின் இரக்கமற்ற ஒழுங்கும் முதன்முறையாக முழுதாக ஒன்றுசேர்ந்தன என்பேன். அந்த டிரம் மெஷின் வேகமாக ஓடவில்லை. மிக மெதுவாக, தூண் அடிக்கும் எந்திரம்போல இறங்குகிறது. மெதுவான தாளத்தில் மனிதர் ஒருவர் தடுமாறுவது இயல்பு. இங்கே தடுமாற்றம் இல்லாததுதான் அச்சத்தைத் தருகிறது.

6. ஃபியர் ஃபேக்டரி. லாஸ் ஏஞ்சலஸ் குழு. 1993 இல் தங்கள் டெத் மெட்டல் பாடல்களை ரீமிக்ஸ் செய்ய, கனடாவின் ஃப்ரண்ட் லைன் அசெம்ப்ளியைச் சேர்ந்த ரைஸ் ஃபுல்பரை அழைத்தார்கள். 1995 இன் ‘டிமானுஃபாக்ச்சர்’ ஆல்பத்திலும் அவர் பங்கு உண்டு. டீனோ கசாரெஸின் கிட்டார் வெட்டும், ரேமண்ட் ஹெரேராவின் கால்களும் ஒவ்வொரு படியிலும் ஒன்றாக விழும் அந்த ஓசைதான், மேலே சொன்ன ‘மூன்றாவது கருவி’. கதையும் மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான போராட்டத்தைப் பற்றியது.

7. ராம்ஸ்டைன். பெர்லினில் 1994 இல் தொடங்கி, 1997 இல் க்ராஃப்ட்வெர்க்கின் அதே ‘மாடல்’ பாடலை ஜெர்மன் மொழியிலேயே வெளியிட்டது. ரிஃப் எளியது, தாளம் அணிவகுப்புபோல நேரானது, ஃப்ளாக்கே லோரன்ஸின் கீபோர்டு எப்போதும் அடியில் ஓடும். இதற்கு மேல் இன்னொரு கடனும் உண்டு. ஸ்கார்ப்பியன்ஸ் உலகப் புகழுக்காக ஆங்கிலத்தில் பாடிய நாட்டிலிருந்து, சொந்த மொழியில் பாடியே உலகத்தைக் கேட்கவைக்கலாம் என்று முதலில் காட்டியது ‘ஆட்டோபான்’. ராம்ஸ்டைன் அந்த வழியில் அரங்கங்களை நிரப்பியது.

எது க்ராஃப்ட்வெர்க்கின் பங்கு அல்ல?

எல்லாவற்றையும் ஒரே குழுவின் கணக்கில் எழுதுவது அநியாயம். ‘இண்டஸ்ட்ரியல்’ என்ற பெயரே பிரிட்டனின் த்ராப்பிங் கிரிஸ்ல் குழு 1976 இல் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸிலிருந்து வந்தது. வன்முறை, நோய், சிறை போன்ற இருண்ட பொருள்களை இந்த இசைக்குள் கொண்டுவந்தவர்கள் அவர்கள். க்ராஃப்ட்வெர்க்கின் உலகத்தில் சைக்கிளும் ரயிலும் கால்குலேட்டரும்தான் அதிகம். மேற்கு பெர்லினில் 1980 இல் தொடங்கிய ஐன்ஸ்ட்யுர்ட்சென்ட நாய்பாவ்டன் நிஜமான இரும்புக் கழிவுகளையும் துளைக் கருவிகளையும் மேடைக்குக் கொண்டுவந்தது, ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒழுங்கு அல்ல, இடிபாடு. நியூயார்க்கின் சூசைட் குழுவும் தனிப்பாதையில் வந்ததுதான்.

நார்வேயின் ப்ளாக் மெட்டலுக்கும் ஜெர்மன் எலக்ட்ரானிக் இசையோடு ஆழமான உறவு உண்டு. அது பெர்லின் வழியாக வந்தது, டுஸல்டார்ஃப் வழியாக அல்ல. மேஹெம் குழுவின் 1987 ஆம் ஆண்டு முதல் வெளியீட்டின் தொடக்க இசை, டேஞ்சரின் ட்ரீம் குழுவின் தொடக்ககால உறுப்பினரான கான்ராட் ஷ்னிட்ஸ்லர் செய்துகொடுத்தது. டார்க்த்ரோன் குழுவின் ஃபென்ரிஸ் 1990களில் நெப்ட்யூன் டவர்ஸ் என்ற பெயரில் முழுக்கச் சிந்தசைசர் இசையே வெளியிட்டார். ஆனால் இவர்கள் தேடியது தாளமே இல்லாத விண்வெளி மிதப்பை. இரண்டையும் ‘ஜெர்மன் எலக்ட்ரானிக் தாக்கம்’ என்று ஒரே மூட்டையில் கட்டினால் இரண்டுமே புரியாமல் போகும்.

விளைவு: இன்றைய மெட்டல் பதிவு முறை

சரி, இண்டஸ்ட்ரியல் மெட்டல் கேட்காதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? நிறையவே. இன்று பெரும்பாலான மெட்டல் ஆல்பங்கள் காதில் ‘க்ளிக்’ ஓசையைக் கேட்டுக்கொண்டே வாசித்துப் பதிவு செய்யப்படுகின்றன. பதிவான டிரம்ஸைக் கணினியில் கட்டத்துக்குள் இழுத்து நேராக்குவதும், கிக் ஓசைக்குப் பதில் ஒரே அளவான சாம்ப்ளை வைப்பதும் சாதாரண நடைமுறை. ஸ்வீடனின் மெஷுகா குழு 2005 இல் வெளியிட்ட ‘கேட்ச் தர்ட்டித்ரீ’ ஆல்பம் முழுவதற்கும் டிரம்ஸைக் கணினியில் எழுதியே சேர்த்தது. உலகின் மிகச் சிறந்த டிரம்மர்களில் ஒருவரான தோமாஸ் ஹாகே அந்தக் குழுவில் இருக்கும்போதே இது நடந்தது. சிந்தசைசர் ஒலி ஒன்றுகூட இல்லாத ஆல்பத்திலும் சீக்வென்சரின் காலம் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இதற்கு விலையும் உண்டு. அதை முதலில் கொடுத்தவர்கள் க்ராஃப்ட்வெர்க்கின் தாளக்காரர்களே. பெட்டிகள் திறமை பெறப் பெற, கம்பியால் தகட்டைத் தொட இரண்டு பேர் தேவைப்படவில்லை. ஃப்ளூர் 1980களின் பிற்பகுதியில் வெளியேறினார், பார்ட்டோஸ் 1990 இல் போனார்.

மெட்டலுக்குள்ளும் இதே கேள்வி ஒருமுறை நேராகச் சோதிக்கப்பட்டது. காட்ஃப்ளெஷ் 1996 இல் டிரம் மெஷினை ஒதுக்கிவிட்டு ப்ரையன் மான்டியாவையும், 2001 இல் டெட் பார்சன்ஸையும் டிரம்ஸில் உட்காரவைத்து ஆல்பங்கள் செய்தது. இருவருமே வலுவான வாசிப்பாளர்கள், அந்த ஆல்பங்களும் நல்லவையே. ஆனால் 2002 இல் குழு கலைந்து, 2010 இல் மீண்டும் கூடியபோது, மேடையில் பிராட்ரிக்கும் கிரீனும் மட்டுமே இருந்தார்கள். 2014 இன் புதிய ஆல்பத்திலும் மூன்றாவது ஆள் இல்லை. தாளத்தை மறுபடியும் இயந்திரத்திடமே கொடுத்திருந்தார்கள்.